அம்மாவின் விரலில் மாம்பழச் சாறு

சர்க்கரை பார்க்கிற மிஷின் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே அதற்கும் அப்பாவுக்கும் ஆகாமல் போய்விட்டது. முதல் தடவை விரலைக் குத்தி, ஸ்ட்ரிப்பின் முனையில் ஒரு சொட்டு ரத்தம் வைத்ததும், அது முந்நூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது. அப்பா அதைத் தட்டிப் பார்த்தார். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். பேட்டரியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி மாட்டினார். கடைசியில், கடைக்காரர்களை மிரட்டுகிற அதே குரலில், "இதுக்கு யாரு முத்திரை குத்துனது?" என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. காரைக்காலில் எடையும் அளவும் பார்த்து முத்திரை குத்துகிற அரசு அலுவலகத்தில் அவருக்கு உதவியாளர் வேலை. சுரக்குடியிலிருந்து மொபெட்டில் போவார். அதிகாரி கடை கடையாக ஏறி இறங்கும்போது, பித்தளை எடைக்கற்கள் அடுக்கிய மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது அப்பாதான். கருக்களாச்சேரி மீன் ஏலத்தில் அவர் தலை தெரிந்தாலே, "பொட்டிக்காரர் வந்துட்டாரு, தராச ஒழுங்கா வையிங்கடி" என்று பெண்கள் கேலி பேசுவார்களாம். அந்தக் கேலியை அவர் வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வார்.

தராசைச் சோதிக்கிற வித்தையை எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். பெரிய வித்தை ஒன்றுமில்லை. எடை நிச்சயமாகத் தெரிந்த ஒரு கல்லைத் தராசில் வைக்க வேண்டும். தராசு அதையே சொன்னால் சரி. வேறு ஏதாவது சொன்னால் தராசு கோளாறு. நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு இந்த நியாயம் மிகவும் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால்கூட இதை வைத்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சர்க்கரை மிஷினைச் சோதிக்க அதற்கென்றே ஒரு திரவம் உண்டு என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது. அம்மா பிளஸ் டூ வரை படித்தவள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசித்து, "ரத்தத்துக்குப் பதிலா அந்தத் தண்ணிய வைக்கணுமாம். புட்டியில போட்டுருக்குற நம்பருக்குள்ள காட்டுனா மிஷின் நல்லா இருக்குன்னு அர்த்தமாம்" என்று சொன்னாள். எங்களுக்கு வந்த டப்பாவில் அந்தப் புட்டி இல்லை. மருந்துக்கடையில் கேட்டதற்கு, அதெல்லாம் யாரும் கேட்பதில்லை, சொல்லி வைத்துத்தான் வரவழைக்க வேண்டும் என்றார்கள். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. சோதனைக்கல் இல்லாமல் விற்கிற தராசு அயோக்கியத் தராசு என்று முடிவு கட்டிவிட்டார்.

பெரியாஸ்பத்திரி டாக்டரிடமும் இதைச் சொல்லி வழக்காடினார். வீட்டு மிஷினுக்கும் லேப்புக்கும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முன்னே பின்னே என்ற சொல்லை அப்பாவிடம் சொல்லலாமா? வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும் வரை அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவோ தாளில் போட்டிருந்ததை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஸ்ட்ரிப் புட்டியை ஒருநாள் அப்பா திறந்தபடியே ஜன்னலில் வைத்துவிட்டுப் போனதற்கு, கடல்காற்றில் நமத்துப்போகும் என்று சண்டை போட்டாள். எல்லாவற்றையும்விடக் கை கழுவும் விஷயத்தில் அவள் கறார். விரலில் இனிப்பு ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்து மிஷின் கணக்குக் காட்டிவிடும் என்று தாளில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அப்பா, "காலையில பாப்பாவுக்கு மிட்டாய் பிரிச்சுக் குடுத்தேன், அதான் ஏறிக் காட்டுது" என்று தப்பிக்கப் பார்ப்பார். அன்றிலிருந்து அம்மா சோப்பைக் கையில் பிடித்தபடி நிற்பாள். "மொதல்ல கை கழுவுங்க. துடைங்க. அப்புறம் குத்துங்க." கழுவித் துடைத்துக் குத்தினாலும் மிஷின் முந்நூற்றுக்குக் கீழே இறங்கவில்லை.

இறங்காததில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. இப்படியே போனால் மாத்திரை போதாது, வருகிற திங்கட்கிழமை வந்தால் இன்சுலின் ஊசி ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு ஊசி என்றாலே தாத்தாவின் கால்தான் ஞாபகம் வரும். தாத்தாவுக்கு ஊசி போட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே காலை எடுத்தார்களாம். ஊசியில்தான் கால் போனது என்று அப்பாவின் குடும்பமே நம்பியது. அப்பாவின் குதிகாலிலும் அப்போது ஒரு புண். புதுச் செருப்பு கடித்தது. சித்திரையில் வந்த புண் ஆனி ஆகியும் ஆறவில்லை. சாயங்காலமானால் அம்மா வெந்நீர் வைத்துக் கழுவி, பஞ்சால் ஒற்றி, கட்டுப் போடுவாள்.

"ஊசியால மாமா காலு போகலீங்க. ஊசிய தள்ளிப் போட்டதால போச்சு" என்று ஒருநாள் கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய மனிதர் பயப்படுகிறார் என்பது எனக்கே தெரிந்தது. அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அந்த மிஷின் பொய் சொல்ல வேண்டும் என்று திருநள்ளாறு இருக்கும் திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன்.

இதற்கு நடுவில் மாங்கனித் திருவிழா வந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிச்சை கேட்கும் கோலத்தில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் வாசல்களிலிருந்தும் ஜனங்கள் மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் முந்தானையை விரித்தும், வேட்டியை ஏந்தியும், சிலர் குடையைத் தலைகீழாகப் பிடித்தும் பழம் பிடிப்பார்கள். தலையில் பழம் விழுந்து வீங்கினாலும் அது பாக்கியம்தான். அப்பாவின் அக்கா, என் அத்தை, கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். பழம் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பை நிறையப் பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள்.

"சாமி பழம் தம்பி. வேணாம்னு சொல்லக் கூடாது."

"அவங்களுக்கு ஆவாது அண்ணி" என்றாள் அம்மா.

"பிரசாதத்துல சக்கரை ஏறுமா? என்னா பேச்சு இது!"

அம்மா பழங்களை நறுக்க உட்கார்ந்தாள். வீசி எறிந்த பழங்கள் என்பதால் பாதி நசுங்கியிருந்தன. அரிவாள்மணையைச் சுற்றிச் சாறு ஓடியது. அப்பாவுக்கு என்று விரல் அகலத்தில் ஒரு துண்டு வைத்தாள். அப்பா அதைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு, மீதியிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் மிஷினை எடுத்து வந்தார்.

"நாளைக்குத் திங்கக்கெழம. டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி இத நான் ஒரு கை பாத்துடறேன். சக்கரையே இல்லாத ஆளு ஒருத்தர வச்சுப் பாப்போம். நூறு, நூத்திருபதுன்னு காட்டுனா மிஷின் யோக்கியன். நான் வாயத் தொறக்காம ஊசி போட்டுக்கறேன்."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தராசில் வைக்க ஒரு கல் தேடுகிறார். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "எனக்கு ரத்தத்தப் பாத்தா மயக்கம் வரும்பா" என்று அத்தை முன்கூட்டியே நகர்ந்து உட்கார்ந்தாள். அப்பா யாரையும் கேட்கவில்லை. அவர் மனதில் கல்லை ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்தார்.

"உங்க அம்மாதான். ஒரு தலைவலின்னு படுத்துருக்காளா? ஆஸ்பத்திரி வாசல மிதிச்சிருக்காளா? ஒன்னப் பெத்தப்ப போனதோட சரி."

அது உண்மைதான். அம்மா படுத்து நான் பார்த்ததில்லை. அந்தக் கோடையில் அடிக்கடி செம்புத் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டு மடமடவென்று குடிப்பாள். வெயில் அப்படி என்று எல்லோரும்தான் குடித்தோம்.

அம்மா எழுந்து கொல்லைப்புறத்து அடிபம்புக்குப் போனாள். நான்தான் தொங்கித் தொங்கித் தண்ணீர் அடித்தேன். சோப்பு போட்டு, முழங்கை வரை தேய்த்து, நக இடுக்கெல்லாம் கழுவினாள். ஒருமுறை போதாது என்று மறுபடியும் சோப்பு போட்டாள். கொடியில் கிடந்த துவைத்த துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். கையை மோந்து பார்த்தேன், சோப்பு வாசனைதான் வந்தது.

புட்டியில் இரண்டே ஸ்ட்ரிப்கள் மீதமிருந்தன. அதில் ஒன்றை அப்பா மிஷினில் செருகினார். அம்மா விரலை நீட்டினாள். குத்தினார், சொட்டு வந்தது, வைத்தார். மிஷின் வழக்கம்போலக் கொஞ்சம் யோசித்துவிட்டு இருநூற்று எழுபத்தொன்று என்றது.

அப்பா ஒரு கணம் அதை வெறித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மாதக் கணக்கில் பார்த்திருக்கவில்லை. "பாத்தியா! பாத்தியாக்கா! நான் சொன்னேன்ல! இவளுக்கே எறநூத்தி எழுவதாம்! திருட்டு மிஷின்! கடையிலேயே கொண்டுபோயி மூஞ்சில அடிக்கிறேன் பாரு!" என்னைத் தூக்கிச் சுற்றினார். குதிகால் புண்ணோடு சுற்றினார். அத்தை கோயில் இருக்கும் பக்கமாகக் கையெடுத்துக் கும்பிட்டாள். "எந்த மகராசன் எறிஞ்ச பழமோ, என் தம்பிய ஊசியிலேருந்து காப்பாத்திடுச்சு" என்றாள். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்பது பேசாமலே முடிவாகிவிட்டது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. என் வேண்டுதல் பலித்துவிட்டதல்லவா?

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குத்திய விரலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி, மிஷினில் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவின் காலைப் பார்த்தாள். சுற்றின வேகத்தில் கட்டு நெகிழ்ந்து, துணியில் ஈரம் தெரிந்தது.

"நான் கை கழுவல" என்றாள்.

அப்பா நின்றார். "என்னா?"

"மாம்பழம் நறுக்குன கைதான். கழுவாம நீட்டிட்டேன். அதான் ஏறிக் காட்டுது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கழுவுனியேம்மா! நான்தானே தண்ணி அடிச்சேன்! ரெண்டு தடவ சோப்பு போட்டியே!"

"அதுக்கப்புறம் உள்ள வந்து கொட்டைய எடுத்துப் போட்டேன்ல. நீ பாக்கல."

"இல்ல! நீ நேரா இங்கதான் வந்த!"

"பெரியவங்க பேசுறப்ப குறுக்க பேசாத. போயி வாசல்ல வெளையாடு, போ!"

அம்மா என்னை அப்படி அதட்டுகிறவள் இல்லை. நான் போகவில்லை, கதவோரம் நின்று முறைத்துக்கொண்டிருந்தேன். அப்பா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கை கழுவுங்க, கை கழுவுங்க என்று உயிரை எடுத்தவள் கழுவாமல் நீட்டினாள் என்பதை நம்பத்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அவள் பொய் சொல்வாள் என்று நம்புவது அவருக்கு அதைவிடக் கஷ்டம்.

"அப்ப கழுவிட்டு வா. இன்னொன்னு இருக்குல்ல, அதுல பாப்போம்."

"இருக்குறது ஒண்ணுதான். அதையும் வீணடிக்கணுமா?" அம்மாவின் குரல் இப்போது நிதானமாகிவிட்டது. "நாளைக்கு மிஷினையும் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்க ஒங்களுக்கு ரத்தம் எடுக்குறப்பவே இதுலயும் ஒரு சொட்டு வச்சுப் பாப்போம். லேப்ல ஒரு நம்பர் வரும், இதுல ஒரு நம்பர் வரும். ரெண்டையும் டாக்டர் முன்னாடியே வையிங்க. இது திருட்டு மிஷின்னா அவரே ஒத்துக்கிட்டுதானே ஆவணும்?"

 அப்பாவின் தொழில் நியாயத்தையே அவள் எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். "சரி" என்று உட்கார்ந்தார். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கிப்போனதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா வெந்நீர் வைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அப்படியே நடந்தது. என்னையும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவைத்துக் கூட்டிப் போயிருந்தார்கள். மிஷின் சொன்னதும் லேப் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அப்பா விடவில்லை. "எட்டு கொறச்சலா காட்டுது சார்" என்றார். டாக்டர், "எட்டுக்கெல்லாம் கேஸ் எழுதாதீங்க" என்று சிரித்துவிட்டு ஊசிக்கு எழுதிக் கொடுத்தார். நர்ஸ் வயிற்றில் எப்படிப் போட வேண்டும் என்று காட்டியபோது அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். போட்டு முடித்த பிறகும் திறக்கவில்லை. "முடிஞ்சிடுச்சு சார், கண்ணத் தொறங்க" என்று அந்த அம்மாள் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கு முன்னால், ரத்தம் எடுக்கிற அறைக்கு அப்பாவுக்குத் துணையாகப் போன அம்மா, வெளியே வரும்போது முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்துக் கையை மடக்கியிருந்தாள். "நீ எதுக்குக் குடுத்த?" என்று அப்பா கேட்டார். "நீங்க தனியா பயப்பட வேணாம்னுதான்" என்றாள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கலங்கவில்லை. அப்பாவைப் பொய் சொல்லிக் கூட்டிவந்து ஊசியில் மாட்டிவிடப் பார்த்தாள், அவளுக்கும் குத்தியாயிற்று, நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கெடுவான் கேடு நினைப்பான் என்று அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன்.

தராசு சரி என்று ஆஸ்பத்திரியிலேயே தெரிந்துவிட்டது. கை சுத்தம் என்பதற்கு நானே சாட்சி. பாக்கி இருந்தது கல் ஒன்றுதான். எடைபார்க்கிறவர் பெண்ணாகப் பிறந்தும் அந்தக் கணக்கு எனக்குப் போடத் தெரியவில்லை. அம்மா என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாள் என்கிற கோபத்துக்கு மேல் என் புத்தி போகவில்லை. தனக்கும் சர்க்கரை இருக்கிறது என்று அவள் அன்றைக்கே சொல்லியிருந்தால் அப்பா நம்பியிருக்க மாட்டார். மிஷினைத்தான் தூக்கி எறிந்திருப்பார். நம்பியிருந்தாலும், தன் காலை மறந்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். இரண்டில் எது நடந்தாலும் அந்தப் புண் காத்திருக்காது. ஐப்பசி மழைக்காலத்தில் புண் ஆறி, அப்பா மறுபடி செருப்புப் போட்டு நடக்கத் தொடங்கிய பிறகுதான் அவரிடம் சொன்னாளாம். அதுவரை அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் மாத்திரை வரிசையில் நின்று தனக்கும் சேர்த்து வாங்கி வந்திருக்கிறாள். எனக்கு இதெல்லாம் தெரிந்தது நான் கல்லூரி முடித்த பிறகு. கேட்டபோது எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அதுக்கு இப்ப என்னாங்கிற" என்றாள்.

ஆனால் அந்த வருஷம் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து அம்மா காபியில் சர்க்கரை போட்டுக்கொள்ளவில்லை என்பது மட்டும்தான். பாயசம் வைத்தால் எங்களுக்குப் பரிமாறிவிட்டு எழுந்து போய்விடுவாள். "புருஷனுக்கு ஆவாதுன்னதும் தானும் விட்டுட்டா பாரு, இந்தக் காலத்துல யாரு செய்வா?" என்று அத்தை தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். கேட்டுக் கேட்டு என் கோபம் கரைந்துவிட்டது. அப்பாவை ஏமாற்றினதற்கு அவளே தன்னைத் தண்டித்துக்கொள்கிறாள், போதும் பாவம் என்று தோன்றியது.

ஒரு சாயங்காலம் அடுப்படியில் காபியை ஆற்றி வைத்துவிட்டு அம்மா துணி எடுக்கக் கொல்லைக்குப் போனாள். நான் சர்க்கரை டப்பாவைத் திறந்து, அவள் டம்ளரில் இரண்டு கரண்டி போட்டு, சத்தம் வராமல் கலக்கி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவள் நிறுத்தினாள். டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீ போட்டியா?"

நான் தலையாட்டினேன். "அப்பாகிட்ட சொல்ல மாட்டேன். குடிம்மா."

அம்மா துணி மூட்டையைத் துவைக்கிற கல்லில் வைத்துவிட்டு என்னைப் பக்கத்தில் இழுத்து, தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அவள் வயிறு லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். "நல்லா இருக்குடி" என்று சொல்லிக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். அம்மாவுக்கு ஒரு நல்லது செய்துவிட்ட திருப்தியோடு நான் விளையாட ஓடினேன்.